அறுபதில் ஆடும் ஜீப்

அத்தியாயம் 6

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடையில், ஒரு மாவு மில்லின் தலைமேல் உட்கார்ந்திருந்தது ராணி துப்பறியும் நிலையம். கீழே மில் ஓடும்போது மேலே ஆபீஸும் ஓடும். காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் புறப்படுகிற மேசை, மாலை ஐந்து மணிக்குக் கதவருகே வந்து நிற்கும். துப்பறிவாளர் விஜயராணி அதைத் தடுத்ததில்லை. தன் நாற்காலியையும் கூடவே நகர்த்திக்கொண்டு போவாள். வீட்டுக்குக் கிளம்பும்போது நடை மிச்சம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் விபத்துக் கேஸ்களை விசாரித்தவள். "பாலம் என் லாரியை நோக்கி வேகமாக வந்தது" என்று எழுதிக்கொடுத்த டிரைவரைக்கூட உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, பாலம் ஹாரன் அடித்ததா என்று பொறுமையாகக் கேட்டவள். கீழே அரைபடுவது கோதுமையா சோளமா என்பதை உள்ளங்காலால் சொல்லிவிடுவாள். போன வருஷம் மில்காரர் கோதுமையில் மைதா கலந்ததையும் கால்தான் கண்டுபிடித்தது. அதிலிருந்து வாடகை ஏறவே இல்லை.

உதவியாளன் சுடலைக்கண்ணனுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது தாராவி, படித்தது ஹிந்தி மீடியம், பேசுவது திருநெல்வேலி. வாய் மட்டும் எந்த ஊர் எல்லைக்கும் அடங்காதது.

புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை. உள்ளே வந்த பெண்ணின் விரல்களில் தோல் ஒட்டும் பசை காய்ந்து செதிலாக நின்றது. பெயர் முத்துமாரி. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் வந்திருந்தாள்.

"உக்காருங்கக்கா. மேசை நகந்தா பயப்படாதிய. அதுக்கு இது வாக்கிங் போற நேரம்," என்றான் சுடலை.

முத்துமாரி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவியளத் திருடன்னு சொல்லுதாவ. ஜீப்புக்காரரு நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறாராம். மொதலாளியும் நாலு மணிக்குள்ள பதில் சொல்லும், இல்லேன்னா சாவிய வச்சிட்டுப் போவும்னுட்டாரு. பத்தொம்பது வருஷ வேலக்கா!"

"முதல்லருந்து சொல்லுங்க," என்றாள் விஜயராணி.

விஷயம் இதுதான். முத்துமாரியின் கணவர் சொரிமுத்து, நைன்டி ஃபீட் ரோட்டில் மன்சூர் அலியின் கேரேஜில் டயர் வேலை பார்ப்பவர். அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருக்கும் கிறிஸ்டோ என்பவர் ஒரு பழைய ஜீப் வாங்கினார். காடு மலை ஏறுகிற ரகம். சக்கரங்களை இடம் மாற்றிச் சரிபார்த்துத் தரும்படி ஞாயிற்றுக்கிழமை கேரேஜில் விட்டார். அன்று மாலை சொரிமுத்து ஐந்து சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஊரிலிருந்து வரும் மச்சினனை அழைக்க தாதர் ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் ஆறு மணி நேரம் லேட். அவர் இல்லாததால் மன்சூர் அலியே சக்கரங்களைப் பூட்டி வண்டியைக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஜீப் மலேரியா கண்டதுபோல் உதறியது. கிறிஸ்டோ கேரேஜுக்கு வந்து, தன் நல்ல சக்கரம் ஒன்றைத் திருடிவிட்டு மோசமானதை மாட்டிவிட்டதாகச் சத்தம் போட்டார்.

"உங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. 'எழுதி வச்சேன்'னாவ. அம்புட்டுதான். அத்தன பேரு முன்னால வச்சு மொதலாளி 'அண்ணாச்சி, நீரா செஞ்சீரு?'ன்னு கேட்டுட்டாரு. அதுலருந்து வாய்க்குப் பூட்டு. நேத்து நான் கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். அதுக்கும் ஒரு வார்த்த இல்ல."

"உப்பில்லாக் கொழம்பச் சாப்பிட்டுச் சும்மா இருந்தாருன்னா விஷயம் பெருசுதான்," என்றான் சுடலை.

"எங்க எழுதி வச்சாராம்?"

"டயர்லதான், சாக்பீஸால. எப்பவும் அப்படித்தான் எழுதுவாவ."

"மன்சூர் பாய் அதுக்கு என்ன சொல்லுதாரு?"

"நேத்தே வேல முடிஞ்சுதுன்னு எழுதியிருந்துச்சு, நானே படிச்சேன்ங்காரு." முத்துமாரி முன்னால் குனிந்தாள். "அங்கதான் எனக்குச் சந்தேகம். அந்தாளு தமிழு பேசுவாரு. படிக்கத் தெரியாது. உருது பள்ளிக்கூடத்துல படிச்சவரு. இவிய எழுதுனத இத்தன வருஷமா இவியதான் படிச்சுக் காட்டுவாவ."

சுடலை நிமிர்ந்தான். "படிக்கத் தெரியாதவரு படிச்சேன்ங்காரு. அக்கா, கேஸ் முடிஞ்சுது. பூட்டிட்டு சாப்பிடப் போவமா?"

"இன்னொண்ணும் உண்டு," என்றாள் முத்துமாரி. "இவிய போன மாசமே சொன்னாவ. தெனமும் ரெண்டு மணிக்கு பாய் உள்ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்கிடுதாராம். உள்ள முணுமுணுன்னு பேச்சாம். யாராச்சும் தட்டுனா எதையோ டிராயர்ல போட்டுப் பூட்டிட்டுத்தான் வருவாராம்."

விஜயராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "டயர்ல என்ன வார்த்த எழுதினாரு?"

"தெரியலியே. வேல பாக்கி இருக்கு, பூட்டாதன்னு எழுதியிருப்பாவ."

"எழுதியிருப்பாவ," என்று முணுமுணுத்து, நோட்டில் ‘வார்த்தை?’ என்று மட்டும் குறித்துக்கொண்டாள். அதற்குள் மேசை இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தது.

*

டயமண்ட் கார்டன் பக்கத்தில் ஜீப் நின்றது. பாசிப் பச்சை நிறம். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கு ஒரு கவர். அதில் பனிமலைப் படம். கிறிஸ்டோவின் சட்டைப்பையில், டைப் அடித்த புகார் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. சாட்சிக்கு ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ்ல எண்பதுல போனேன் மேடம். ஏக்தம் மக்கன், வெண்ணெ மாதிரி! கேரேஜ்லருந்து வந்ததும் இப்படி. நேத்து என் வொய்ஃப் சுஜா பக்கத்துல இருந்தா. அவளுக்கு ஏழாம் மாசம். 'என்ன இறக்கி விடு, பஸ்ல போறேன்'னுட்டா. இனிமே இந்த வண்டில ஏறமாட்டாளாம்."

"சக்கரத்த மாத்துனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க தம்பி?"

கிறிஸ்டோ போனை நீட்டினார். சந்தேகப்படுவதை ஒரு தொழில்போல நேர்த்தியாகச் செய்கிறவர் அவர். சனிக்கிழமையே டயர் நம்பர்களைப் படம் எடுத்து வைத்திருந்தார். "பின்னாடி இடது பக்கம் இப்ப இருக்கற நம்பர், என் போட்டோல இல்ல. பக்கா புரூஃப்."

"மொத்தம் எத்தன போட்டோ?"

"நாலு மேடம்."

விஜயராணி தலையாட்டிவிட்டு, எதிர்க் கடையில் இரண்டு கட்டிங் சாயா, அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கச் சொன்னாள். குடிக்க அல்ல.

மும்பையில் அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது ஃப்ரீவேயில் மட்டுமே கிடைக்கும் சரக்கு. மற்ற ரோடுகளில் ஸ்டாக் வந்து பல வருஷம் ஆகிறது. கிறிஸ்டோ ஓட்டினார். முன்னால் விஜயராணி மடியில் ஒரு கிளாஸ். பின்னால் இடது பக்கம் சுடலை கையில் இன்னொரு கிளாஸ்.

நாற்பதில் சாயா தூங்கியது. ஐம்பதில் புரண்டு படுத்தது. அறுபதில் விஜயராணியின் கிளாஸில் லேசாக அலை அடித்தது. சுடலையின் கிளாஸில் இருந்தது மொத்தமாக எழுந்து அவன் சட்டைப்பைக்குள் குடியேறியது.

"அக்கா! பையில பீடி இருந்துச்சு!"

"ஸ்டியரிங் உதறுதா தம்பி?"

"ஸ்டியரிங் இல்ல மேடம். சீட்டுதான் உதறுது."

"அப்ப கோளாறு பின்னாலதான். இடது சக்கரம். ஒரு பக்கம் மட்டும் கனம் கூடியிருக்கு. உருளும்போது அது தூக்கித் தூக்கி அடிக்கி." அவள் கண்ணை மூடிக்கொண்டு கால் பேச்சைக் கேட்டாள். "கோதும அரைக்கும்போது மில் கல்லுல ஆணி மாட்டிக்கிட்டா இப்படித்தான் இருக்கும்."

ஃப்ரீவேயை விட்டு இறங்கி ஓரமாக நிறுத்தினார்கள். விஜயராணியின் முழங்கால் இரண்டு வருஷத்துக்கு முன்பே குனியும் வேலையை ராஜினாமா செய்திருந்தது. சுடலை மல்லாந்து வண்டிக்கு அடியில் போனான்.

"என்னல தெரியுது?"

"ரிம்முக்கு உள்பக்கம் என்னமோ அப்பியிருக்கு அக்கா. சாம்பல் கலரு. ரெண்டு இட்லி சேத்து வச்ச மாதிரி. இட்லின்னா நம்ம கேன்டீன் இட்லி. நகத்தால கீறுனா நகந்தான் போவுது."

"வேற?"

"டயர் உள்பக்கம் சாக்பீஸ் எழுத்து. ரெண்டு எழுத்து. ரெண்டாவது எழுத்துத் தலயில ஒரு புள்ளி."

"படில."

"எனக்கு எங்கக்கா தமிழ் படிக்க வரும்? எழுத்துக் கூட்டுனா தீவாளி வந்துரும். போட்டோ எடுக்கேன்."

பதினோரு போட்டோ எடுத்தான். பத்தில் அவன் மூக்கு. பதினொன்றாவதில் மூக்கின் வலது ஓட்டை, மிகத் தெளிவாக. கிறிஸ்டோவைப் போகச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு இங்கிலீஷ் வரும், ஹிந்தி வரும், தமிழ் எழுத்து மட்டும் வராது. டயர் எங்கும் ஓடிப்போகாது, கேரேஜில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள் விஜயராணி.

விஜயராணி வண்டியின் பின்பக்கம் போய், பனிமலையின் ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்த சக்கரத்தின் நம்பரைப் படித்தாள். கிறிஸ்டோவின் போனைக் கேட்டு வாங்கினாள். மூன்றாவது போட்டோவில் அதே நம்பர் இருந்தது.

"இந்தா இருக்கு உங்க திருட்டுப்போன சக்கரம். வண்டிக்குச் சக்கரம் அஞ்சு தம்பி. நீங்க எடுத்தது நாலு போட்டோ. ஸ்டெப்னி கீழ இறங்கியிருக்கு, கீழ இருந்தது இங்க ஏறியிருக்கு. ஒண்ணும் வெளியே போகல."

கிறிஸ்டோவின் முகம் புகார் காகிதத்தின் நிறத்துக்கு வந்தது. "கவர் அழகா இருந்துச்சு மேடம். திறக்கத் தோணல."

"டெஸ்ட் டிரைவ்ல ஏன் ஆடலன்னு புரியுதா? கோளாறு உள்ள சக்கரம் அப்ப முதுகுல தொங்கிட்டு இருந்துச்சு." சுடலையின் விரலிலிருந்த தூசியைத் தொட்டுப் பார்த்தாள். "யாருகிட்ட வாங்குனீங்க?"

"நயினார்னு ஒரு டீலர். கும்பர்வாடா பக்கத்துல யார்டு. இமயமலைக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்த வண்டின்னு சொன்னாரு."

"இது பானை செய்யற களிமண்ணு. ஸ்டெப்னி மழைக்காலம் பூரா கொயவங்க தெருவோரத் தரையில கெடந்திருக்கு. சேறு உள்ள ஏறிக் காஞ்சு போச்சு."

"மலை ஏறல?"

"சயான் பாலம் ஏறியிருக்கும்," என்றான் சுடலை ஆறுதலாக. "அதுவும் நல்ல ஏத்தந்தான் சார்."

கிறிஸ்டோ புகாரை வெளியே எடுத்தார். கிழிக்கப் போகிறார் என்று சுடலை நினைத்தான். அவர் கிழிக்கவில்லை.

"சரி மேடம், திருட்டு இல்ல. ஆனா கோளாறு உள்ள சக்கரத்த முடிஞ்சுதுன்னு எழுதி வச்சிருக்காரே? என் வொய்ஃப் உள்ள இருந்தா! அத மாத்தி எழுதி நாலு மணிக்குக் குடுப்பேன்."

சொரிமுத்துவின் தலையிலிருந்து திருடன் பட்டம் இறங்கியது. அதே வேகத்தில் பொய்யன் பட்டம் ஏறியது. மணி ஒன்று ஐம்பது.

"ரெண்டு மணி ஆகப்போவுது," என்றாள் விஜயராணி. "கேரேஜுக்கு விடுங்க தம்பி. ஐம்பதுக்கு மேல போவாதீங்க."

"தாராவிக்கா? பதினஞ்சுக்கு மேல போனாலே அதிசயம் மேடம்."

*

கேரேஜ் வாசலில் பழைய டயர்களை அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார் சொரிமுத்து. சாலையில் போகும் வண்டிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டியவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முத்துமாரி, வேலைக்குத் திரும்பாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றான் சுடலை.

ஒரு டெம்போ போனது. சொரிமுத்து அதைப் பார்த்தார்.

உள்ரூம் கதவு சாத்தியிருந்தது. சுடலை பூனைபோல் போய்க் காதை வைத்தான். உள்ளே ஆண் குரல், ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, அழுத்தமாக.

"எலி..."

சுடலை விரலை உதட்டில் வைத்தான்.

"ஏணி... ஐவர்... ஒட்டகம்..."

திரும்பி ஓடி வந்தான். கண்கள் பிதுங்கின. "அக்கா! சாதாரண கேஸ் இல்ல இது. கோட் வேர்டு! எலின்னா போலீஸுக்குத் துப்புச் சொல்றவன். ஏணின்னா மாடி ஏறி உள்ள போறது. ஐவர்ங்கது அஞ்சு பேர் கேங்கு."

"ஒட்டகம்?"

"துபாய் கனெக்சன்!"

விஜயராணி முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. "அடுத்தது ஓணான் வரும் பாரு."

"ஓணான்!" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து.

சுடலை ஒரு அடி பின்னால் போனான். "அக்கா... நீங்களும் கேங்குல இருக்கியளா?"

அவள் கதவைத் தட்டினாள். உள்ளே டிராயர் இழுபடும் சத்தம். சாவி திரும்பும் சத்தம். பிறகு மன்சூர் அலி வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது, கிரீஸ் படிந்த வெள்ளைக் குல்லா, திருட்டு முழி.

"பாய், டயர்ல எழுதியிருந்தத யாரு படிச்சது?"

"நான்தான். நானே படிச்சேன். நேத்தே முடிஞ்சுதுன்னு எழுதியிருந்துச்சு. அல்லா மேல ஆணை."

"பொய்யி!" முத்துமாரியின் குரல் தெருவரை போனது. "இவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது! அவியள வெளிய தள்ளணும்னே சொல்லுதாரு!"

மன்சூர் அலி வாயைத் திறந்தார், டிராயர் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். இப்போது பேசாத ஆட்கள் இரண்டு.

"சக்கரத்தக் கழட்டிப் பாத்தா என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சிரும் மேடம்," என்றார் கிறிஸ்டோ, ஜாக்கியை எடுத்தபடி.

"வையுங்க தம்பி. கழட்டிட்டா ரெண்டு பேரும் அதப் பாத்துட்டு கத சொல்லுவாங்க. அதுக்கு முன்னால ஒரு சின்ன வேல." பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டாக ஒடித்தாள். "மத்தியானத்துலருந்து எல்லாரும் என்கிட்ட அர்த்தம் சொல்லுதாங்க. யாரும் எழுத்தச் சொல்லல. அண்ணாச்சி, நீரு எழுதுன அதே எழுத்த இடது பக்கச் சுவத்துல எழுதும். பாய், நீங்க படிச்ச அதே எழுத்த வலது பக்கச் சுவத்துல. ஒருத்தர ஒருத்தர் பாக்கக் கூடாது."

சொரிமுத்து அவளைப் பார்த்தார்.

"பேச மாட்டேன்னுதான உம்ம வைராக்கியம்? எழுத மாட்டேன்னு இல்லியே?"

சொரிமுத்து யோசித்தார். தன் வைராக்கியத்தை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தார். அதில் சாக்பீஸுக்குத் தடை எதுவும் இல்லை. எழுந்து போனார். ஒரே இழுப்பில் எழுதிவிட்டு, சுவரை மறைத்து நின்றுகொண்டார்.

மன்சூர் அலிக்கு நேரம் பிடித்தது. நாக்கு ஓரமாக எட்டிப் பார்த்தது. முதல் எழுத்தை இரண்டு தடவை அழித்தார். இரண்டாவது எழுத்தை வட்டமாகச் சுழித்து முடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதன் தலையில் மிகக் கவனமாக ஒரு புள்ளி வைத்தார்.

"ரெண்டு எழுத்து, ஒரு புள்ளி," என்று கிசுகிசுத்தான் சுடலை.

"நகருங்க ரெண்டு பேரும்."

நகர்ந்தார்கள். இடது சுவரில்: கல். வலது சுவரில்: கல்.

முத்துமாரிதான் முதலில் படித்தாள். "கல்லு..."

"கல்?" என்றார் கிறிஸ்டோ. "நாளைக்கா? நாளைக்குப் பண்றேன்னா எழுதியிருந்தாரு?"

"நாளைக்கு இல்ல தம்பி," என்றார் மன்சூர் அலி அவசரமாக. "திங்கக்கெழம காலைல பாக்கேன், இந்தச் சக்கரம் மட்டும் தனியா நிக்கிது, மேல ஈரச் சாக்கு. கல்-னு எழுதியிருக்கு. கல்-னா நேத்து. நேத்தே கழுவி முடிச்சாச்சு. வேற என்ன?"

ஹிந்தியில் ‘கல்’ என்றால் நேற்று. நாளை என்றாலும் அதே ‘கல்’தான். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு அந்த மொழிக்காரர்கள் எப்படி ரயில் பிடிக்கிறார்கள் என்பதை இன்றுவரை யாரும் துப்பறியவில்லை.

அப்போதுதான் சொரிமுத்துவின் பூட்டு தெறித்தது.

"கல்லுய்யா! கல்லு! மண்ணு காஞ்சு கல்லா இறுகிக் கெடக்கு! சுத்தியலால அடிச்சா ரிம்மு நெளிஞ்சிரும்னு சாக்க நனச்சுப் போட்டேன், ஊறட்டும்னு! உள்ள கல்லு இருக்கு, பூட்டாதன்னுதான எழுதி வச்சேன்! ஆணி இருந்தா ஆணின்னு எழுதுவேன், காத்து இறங்குனா காத்துன்னு எழுதுவேன், கல்லு இருந்தா நேத்துன்னா எழுதுவேன்?"

ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் உண்மதான் சொல்லியிருக்காவ," என்றான் சுடலை, ஏமாற்றத்தோடு. "துபாய் கனெக்சன் என்னாச்சு?"

"பாய், டிராயரத் திறங்க," என்றாள் விஜயராணி.

மன்சூர் அலி குல்லாவைச் சரிசெய்தார். பிறகு மெதுவாகப் போய்ச் சாவியைத் திருப்பி, ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். விஜயராணி அட்டையை விரித்தாள். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். விரல் ரேகை ரேகையாகக் கிரீஸ். எலிக்கு மீசையே தெரியவில்லை.

"இத்தன வருஷமா அண்ணாச்சி எழுதுவாரு, அண்ணாச்சியே படிச்சுச் சொல்லுவாரு," என்றார் மன்சூர் அலி, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே. "அவரு ஒரு நாள் லீவு போட்டா அத்தன டயரும் ஊமையா நிக்கும். பேசுத பாஷைய படிக்கத் தெரியலன்னு யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? ரெண்டு மாசமா தெனம் ரெண்டு மணிக்கு ஒக்காந்து படிச்சேன். திங்கக்கெழம காலைல தனியா நின்னு, யாரும் சொல்லாம, நானா ஒரு வார்த்தயப் படிச்சேன் அண்ணாச்சி. மொதமொதல்ல படிச்சது அதான். அந்தச் சந்தோஷத்துல ரிம்முக்குள்ள பாக்கவே இல்ல. கடையில நின்னா எனக்கு ஹிந்திதான் ஓடுது. கல்-னதும் நேத்துன்னு வந்துருச்சு."

சொரிமுத்து வலது சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகே போய், அந்தக் கோணல் எழுத்தை விரலால் தொட்டார்.

"புள்ளி சரியா வச்சிருக்கீரு," என்றார்.

மன்சூர் அலி சட்டென்று வாசலுக்குப் போனார். எதிர்க் கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், பான் கடைக்காரர் எல்லோரையும் கை தட்டிக் கூப்பிட்டார். "செவ்வாய்க்கெழம உங்க முன்னாலதான் இவரக் கேட்டேன். இப்ப உங்க முன்னால சொல்லுதேன். கல்தி என்னுது, தப்பு என்னுது. அண்ணாச்சி மேல ஒண்ணும் இல்ல." பான் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவருக்காக அதையே ஹிந்தியில் இன்னொரு தடவை சொன்னார்.

முத்துமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விசாரணை செய்தது தான்தான் என்பதுபோல எதிர்க் கடைக்காரரைப் பார்த்தாள்.

சொரிமுத்து சக்கரத்தைக் கழற்றினார். மரக் கட்டையை வைத்து நாலு தட்டு. சாம்பல் நிறக் கட்டி முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. கிறிஸ்டோவின் புகார் காகிதம் கீழே விரிக்க வசதியாக இருந்தது. சுடலை கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, கும்பர்வாடாவில் கொடுத்தால் ஒரு உண்டியல் தேறும் என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து, ஃப்ரீவே. அறுபது. எழுபது. எண்பது. சுடலையின் கையில் புதிதாக வாங்கிய கட்டிங் சாயா, குளத்துத் தண்ணீர்போல் நின்றது. அவன் அதை நிம்மதியாகக் குடித்தான். கிறிஸ்டோ ஓரமாக நிறுத்திவிட்டு சுஜாவுக்குப் போன் போட்டார். பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டாம் என்றார். மலை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

கேரேஜில் இறங்கியதும் கேட்டார். "பாய், மெஷின்ல ஒரு தடவ பேலன்ஸ் பாத்துக் குடுங்க. எப்பக் கொண்டு வரட்டும்?"

"க..." என்று ஆரம்பித்த மன்சூர் அலி, நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெதுவாகச் சாக்பீஸை எடுத்தார். சுவருக்குப் போய், ‘கல்’லுக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார்: நாலை.

பெருமையாகத் திரும்பினார்.

சொரிமுத்து போய் நின்று படித்தார். கடைசி ‘ல’வைக் கட்டைவிரலால் அழித்து, அங்கே ‘ள’வைப் போட்டார்.

"இந்த ள போடணும் பாய். நீரு எழுதுனதப் படிச்சிட்டு, தம்பி நாலு சக்கரத்த மட்டும் கொண்டு வந்து நிப்பாரு. ஏற்கெனவே அவருக்கு அஞ்சாவது கண்ணுக்குத் தெரியாது."